ஒன்னே முக்கால் இஞ்சு சைலன்சர்

அந்தச் சேர்ல உக்காராதீங்க, அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. உங்களுது சைலன்சர்ல ஓட்டைதானுங்களே? தெருமுனையில திரும்பறப்பவே கேட்டுது, டிராக்டர் வர்றதாட்டம். ஒன்னும் பயப்படாதீங்க, வெல்டு வெச்சா சரியாப் போயிரும். ஆனா தஸ்தகீர் பாய் இப்பத்தான் சாயா குடிக்கப் போனாரு. அவரு சாயா குடிக்கறதுன்னா ஊட்டிக்குப் போயி தேயிலை பறிச்சுட்டு வர்ற நேரம் ஆகும். சித்த இருங்க.

மணி என்னங்க? ரெண்டே காலா? சரி.

அந்தா, ஜாக்கி மேல சைலன்சர் இல்லாம மொட்டையா நிக்குது பாருங்க ஒரு செவப்புச் சின்னக் காரு, அது நம்முளுது. கீழ ரெண்டு டப்பா கெடக்குதுங்களா? பால்கேனாட்டம் உருண்டையா இருக்கறது சத்தம் போடறது. டிபன் பாக்ஸாட்டம் தட்டையா இருக்கறது சத்தம் போடாதது. ரெண்டுல எதை மாட்டறதுன்னு என்னையக் கேட்டுட்டுத்தான் பாய் போனாரு. வர்றதுக்குள்ள நான் முடிவு பண்ணி வெக்கோணுமாம். இதென்ன பெரிய சமாச்சாரம்னு பாக்கறீங்க. எம்பொண்ணு எங்கூட்டுல இருப்பாளா போயிருவாளாங்கறது இந்த ரெண்டு டப்பாவுலதானுங்க இருக்குது. சிரிக்காதீங்க. பொண்ணுக்கும் சைலன்சருக்கும் என்ன சம்பந்தம்னு சொல்றேன், பாய் வர்ற வரைக்கும் நமக்கு வேற என்ன சோலி.

எம்பேரு சென்னியப்பன். சிங்காநல்லூர்ல பைப் கடை. தண்ணிக் குழாய், போர்வெல் குழாய், வால்வு, எல்போ, எது வேணும்னாலும் கேளுங்க. இருவத்தாறு வருஷமா குழாயிலதான் சோறு. கண்ணைக் கட்டிக் கையில குடுத்தீங்கன்னா என்ன சைஸுன்னு சொல்லிருவேன். அப்பேர்ப்பட்ட ஆளுக்குப் போயி இந்த ஊர்ல குழாயைப் பத்திப் பாடம் நடத்தறாங்கன்னா பாத்துக்குங்களேன்.

இதுக்கெல்லாம் ஆரம்பம் எம்மச்சினன் லோகநாதன். ஊட்டுக்காரியோட தம்பி. போன வருஷம் கரண்டு காரு ஒன்னு வாங்குனான். அதுல வந்து வாசல்ல நிக்கறான், எனக்குத் தெரியல. உள்ள வந்து நிக்கறான், அப்பவும் தெரியல. 'மச்சான், வந்ததே கேக்கலீங்களா?'ன்னு பெருமையா ஒரு கேள்வி வேற. திருடன்கூட இத்தனை பெருமையா சொல்லிக்க மாட்டானுங்க. ஒரு ஆம்பளை ஊட்டுக்கு வர்றான்னா நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? அன்னிக்கு முடிவு பண்ணுனேன். ஒரு பழைய சின்னக் காரைப் புடிச்சு, சக்கரத்தை மாத்தி, ஸ்பிரிங்கை வெட்டி வண்டி ஒசரத்தைக் கொறைச்சு, நம்ம சத்தம் என்னன்னு காட்டறதுன்னு. காலேஜ் பசங்க பண்ற வேலையை அம்பத்திமூணு வயசுல பண்றீங்களேன்னு ஊட்டுல கேட்டாங்க. நான் காதுலயே வாங்கல.

மத்த வேலையெல்லாம் முடிச்சு சைலன்சருக்கு இங்க வந்தேன். பாய் காருக்கடியில படுத்துப் பாத்துட்டு, 'முதலாளி, இது ஆயிரத்தி இருநூறு சிசி இன்ஜின், ஒன்னே முக்கால் இஞ்சு குழாய் போதும்'னாரு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. 'பாய், போருக்கு ஒன்னேகால் இஞ்சு போட்டா தண்ணி எப்படி வரும், ரெண்டரை போட்டா எப்படி வரும்? குழாய்னா குழாய்தானுங்க. தண்ணி போனா என்ன, புகை போனா என்ன. ரெண்டரையே போடுங்க'ன்னேன். குழாயும் என்ற கடையிலிருந்தே கொண்டாந்து எறக்குனேன். அவரு என்னைய ஒரு பார்வை பாத்துட்டு 'உங்க இஷ்டம்'னாரு. அந்த 'உங்க இஷ்டம்' இருக்குது பாருங்க, அதை மரியாதைன்னு நெனைச்சுப்புட்டேன்.

அடுத்த கிருத்திகைக்கு மருதமலைக்குக் கெளம்புனோம். நானு, ஊட்டுக்காரி வசந்தாமணி, பொண்ணு தர்ஷினி. ஒரே பொண்ணு. லோகநாதன் பின்னால கரண்டுல வர்றான். அடிவாரம் வரைக்கும் ராஜாவாட்டம் போச்சு. மலைப் பாதையில மொத வளைவு திரும்புனமா, வண்டி இழுக்கலீங்க. சத்தம் மட்டும் லாரிச் சத்தம், வேகம் மாட்டு வண்டி. ரெண்டாவது வளைவுல அதுவும் இல்ல. மொதல்ல வசந்தாமணி அர்ச்சனைக் கூடையோட எறங்குனா. அப்புறம் தர்ஷினி எறங்கித் தள்ளுனா. பின்னால லோகநாதன் சத்தமில்லாம வந்து, ரெண்டு பேரையும் கூடையையும் ஏத்திக்கிட்டு, சத்தமில்லாம மேல போயிட்டான். நான் வண்டியோட அங்கயே நின்னேன். முருகன் என்னையப் பாக்க எறங்கி வரல.

பெட்ரோல்ல கலப்படம்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்ல முடியும்? தர்ஷினி சும்மா இருக்கலாம்ல. 'இல்லீங்ப்பா, புகை வேகமாப் போனாத்தான் இன்ஜின் நல்லா மூச்சு விடும். குழாய் பெருசாப் போச்சுன்னா வேகம் கொறைஞ்சு போகும், மலையில இழுக்காது'ங்கறா. 'நீ எத்தனை குழாய் வித்திருக்கற அம்மணி?'ன்னு ஒரே கேள்வி கேட்டேன். அவ நாலு வருஷம் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிச்சவதானுங்க, இல்லைங்கல. நாந்தான் படிக்க வெச்சேன். கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பக்கத்துல பி.இ.ன்னு போட்டா நல்லாத்தானுங்களே இருக்கும்.

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு என்ற மேசை மேல, பேப்பருக்கு அடியில, ஒரு காகிதம் இருந்துது. பென்சில்ல போட்ட படம். இன்ஜின்லயிருந்து பின்னால வரைக்கும் ஒன்னே முக்கால் இஞ்சு குழாய், எத்தனையாவது அடியில குழாய் வளையற பெண்டு, எங்க சின்ன டப்பா, எங்க பெரிய டப்பா, எல்லாம் அளவோட. யாரு வெச்சாங்கன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. எடுத்துட்டு நேரா இங்க வந்து, 'ரோசனை பண்ணி நானே போட்டேன் பாய்'னேன். பாய் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, 'உங்க கையெழுத்து நெம்ப அழகா இருக்குதுங்க முதலாளி'ன்னாரு. அவருக்கு அந்தக் குசும்பு உண்டு.

பாருங்க, உங்ககிட்டத்தான் உண்மையைச் சொல்றேன். ஊர்ல அத்தனை பேருகிட்டயும் அது நான் போட்ட படம்னுதான் சொல்லி வெச்சிருக்கேன். லோகநாதன்கிட்ட ரெண்டு தடவை சொன்னேன். தர்ஷினி பக்கத்துலதான் நின்னா, காப்பி டம்ளரை எடுத்துட்டு உள்ள போயிட்டா.

ஆனா வண்டி அன்னிக்கிருந்து பறந்துதுங்க. மருதமலைக்கு நான் மட்டும் தனியாப் போயி, ஒரே கியர்ல ஏறி, முருகன்கிட்ட கணக்கைத் தீத்துட்டு வந்தேன். சத்தமுன்னா அது சத்தம். அடித் தொண்டையிலிருந்து வரும். எங்கூடு ஒண்டிப்புதூர்ல. பாலத்து மேல ஏறி கியரை மாத்துனா எங்கூட்டுச் சமையக்கட்டுல கேக்கும். அதோட பலன் என்னன்னு கேளுங்க. முன்னாடியெல்லாம் நான் போயி ஹாரன் அடிச்சு, கத்தி, நானே எறங்கிக் கேட்டைத் தொறக்கோணும். இப்ப நான் தெருவுல திரும்பறப்பவே கேட்டு தொறந்து கெடக்குது. டிவி ஆஃப். காப்பி ஆவி பறக்க மேசையில. பொண்ணு புஸ்தகத்தை வெச்சுட்டு உக்காந்திருக்கறா. ஊட்டுக்காரி வாசல்ல நிக்கறா. இருவத்தஞ்சு வருஷமா வாய் வலிக்கக் கத்தி வராத மரியாதை, ஒரு குழாய் மாட்டுனதும் வந்துருச்சுங்க. சொந்தக்காரங்ககிட்டயெல்லாம் இதைச் சொல்லி, நீங்களும் ஒன்னு மாட்டுங்கன்னேன்.

நல்லது நடந்தா நாலு பேருக்குப் பொறுக்குமா? எதுத்த ஊட்டுல ஒரு ரிட்டயர்டு மேனேஜர். அவரு ஊட்டு ஜன்னல் கண்ணாடி அதிருதாம். அதிர்ற கண்ணாடியை மாட்டுனது அவரு தப்பு, ஆனா போலீஸ்ல எழுதிக் குடுத்தது என்னைய. சரி, இதுக்கு ஒரு வழி பண்ணறேன்னு என்ற மூளையைக் கசக்குனேன். நம்ம கடையில இல்லாத வால்வா? புகைக் குழாய்க்கு நடுவுல ஒரு பித்தளை வால்வு, அதுக்கு ஒரு கேபிள், கேபிளோட மறுமுனை சீட்டுக்குக் கீழ. போலீஸ்காரரைப் பாத்தா இழுத்து மூடிக்கலாம், தாண்டுனதும் தொறந்துக்கலாம். எப்படி இருக்குது? 'புகை போக வழியில்லாட்டி இன்ஜின் நின்னு போகும் முதலாளி'ன்னாரு பாய். 'முழுசா மூட மாட்டேன் பாய், முக்காவாசிதான்'னேன். உங்க இஷ்டம்னாரு.

திருச்சி ரோட்டு சிக்னல்ல ஒரு டிராபிக் போலீஸ்காரர் நிக்கறாரு. கேபிளை இழுத்தேன். அது முக்காவாசியில நிக்கோணும்ல, நிக்கல. இன்ஜின் ஒரு விக்கு விக்கிட்டு அடங்கிப் போச்சு. பச்சை விழுந்து பின்னால அத்தனை பேரும் ஹாரன் அடிக்கறான். அந்த டிராபிக்காரர் நல்ல மனுஷனுங்க, அதான் வினையே. ஓடி வந்து, 'ஏனுங்கய்யா, வண்டி நின்னுருச்சா?'ன்னு கேட்டு, அவரே குனிஞ்சு ஓரமாத் தள்ளிக் குடுத்தாரு. அப்புறம் 'இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க'ன்னு பக்கத்துலயே நிக்கறாரு, போக மாட்டேங்கறாரு. என்ன பண்ணறது, வால்வைத் தொறந்து ஸ்டார்ட் பண்ணுனேன். அந்த மனுஷன் ரெண்டு காதையும் பொத்திட்டு என்னையப் பாத்த பார்வை இருக்குதே. கடைசியில கீழ குனிஞ்சு வால்வைப் பாத்து, 'தண்ணி லாரியா?'ன்னாரு. ஒரு வாரத்துல சத்தத்தைக் கொறைச்சு ஸ்டேஷன்ல கொண்டாந்து காட்டோணும்னு நோட்டீஸ்.

அப்பத்தான் பாய் இந்த டிபன் பாக்ஸைக் குடுத்தாரு. உள்ள அறை அறையாத் தடுப்பு வெச்சு, புகை சுத்தி சுத்திப் போயி, வெளிய வர்றப்ப பேச்சு மூச்சு இருக்காது. 'காட்டறதுக்கு இதை மாட்டிக்குங்க, அப்புறம் எது வேணுமோ முடிவு பண்ணிச் சொல்லுங்க'ன்னாரு. மாட்டிட்டு ஸ்டேஷன்ல காட்டுனேன், சரின்னாங்க. அங்கிருந்து நேரா ஊட்டுக்குப் போனேன். சாயங்காலம் ஒரு அஞ்சு மணி இருக்கும்.

கேட்டு சாத்தியிருக்குது. சரி, ஊட்டுல யாரும் இல்லையாட்டம் இருக்குதுன்னு எறங்குனேன். அப்ப உள்ள ஒரு சிரிப்புச் சத்தம். பொம்பளை சிரிக்கறது. யாரோ ஒறம்பரை வந்திருக்கறாங்கன்னு நெனைச்சேன். அது வசந்தாமணிங்க. கல்யாணமாகி இருவத்தஞ்சு வருஷம் ஆச்சு, அவ இப்படிச் சிரிச்சு நான் கேட்டதே இல்ல. கல்யாண வீடியோவுலகூட இல்ல. அப்புறம் இன்னொரு குரல், 'குழாய்னா குழாய்தானுங்க, தண்ணி போனா என்ன, புகை போனா என்ன'ங்குது. அச்சு அசல் என்ற குரல். தர்ஷினிதான். தாய்க்காரி மூச்சுத் திணறச் சிரிக்கறா.

நல்லா இருந்துதுங்க, பொய் சொல்லல. எனக்கே சிரிப்பு வந்துது. கேட்டுல கையை வெச்சுட்டு அப்படியே நின்னேன். அப்புறம் வசந்தாமணி சொல்றா, 'சரி சரி, சீக்கிரம் அடுக்கு கண்ணு, வண்டிச் சத்தம் கேட்டா பெட்டியை மூடிப் பீரோவுக்குப் பின்னால தள்ளோணும்'. இவ சொல்றா, 'இன்னும் கேக்கலயேம்மா. பாலத்துல கேட்டா ரெண்டரை நிமிஷம் இருக்குது. அதுக்காகத்தானே பின்னால டப்பாவை அந்த அளவுல வரைஞ்சு குடுத்தேன். எத்தனை தூரம் கேக்கும்னு கணக்குப் போடாமயா குடுப்பேன்?'

புரிஞ்சுதுங்களா? கேட்டு தொறந்து கெடந்தது, டிவி ஆஃப் ஆனது, காப்பி, புஸ்தகம், வாசல்ல நின்னது. மரியாதைன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சேன்ல. அது ரெண்டரை நிமிஷம். எங்கூட்டுக்கு நானே போய் ஊதிக்கிட்ட சங்கு. நாலு வருஷம் பீஸ் கட்டுனது வீண் போகலீங்க.

பெட்டி எதுக்குன்னு கேக்கறீங்க. அதையும் நின்னு கேட்டேன். மெட்ராஸ் பக்கத்துல காரு செய்யற கம்பெனியில வேலையாம். காருக்குள்ள என்ன சத்தம் வருது, எங்கிருந்து வருது, எப்படிக் கொறைக்கறதுன்னு அளந்து பாக்கற வேலை. இப்படி ஒரு வேலை இருக்குதுன்னே எனக்குத் தெரியாது. ஆர்டர் வந்து ஒரு மாசம் ஆச்சாம். எங்கிட்டச் சொன்னா விட மாட்டேனாம். எப்படிச் சொல்றாங்க பாருங்க, கேட்டுப் பாக்காமயே. நான் திருப்பூர்ல பனியன் கம்பெனிக்காரர் பையன் ஒருத்தனைப் பேசி வெச்சிருக்கேன், நல்ல எடம், வர்ற தை மாசம் வெச்சுக்கலாம்னு இருக்கோம். அவளைக் கேட்டனான்னா, கேக்கறதுக்கு என்னங்க இருக்குது, பையன்தான் நல்ல பையனாச்சே.

வெள்ளிக்கிழமை நாலு மணி ரயில் வண்டியாம். அன்னிக்கு நான் திருப்பூருக்குப் போறேன்னு ஏற்கனவே சொல்லி வெச்சிருந்தேன், மாப்பிள்ளை ஊட்டுக்கு. அதைப் பாத்துத்தான் டிக்கெட்டே போட்டிருக்கறாங்க. ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறது யாரு தெரியுங்களா? லோகநாதன். 'லோகு மாமா காரு வந்தா எதுத்த ஊட்டுக்காரருக்குக்கூடக் கேக்காதும்மா'ங்கறா. கரண்டு காரை எதுக்கு வாங்குனான்னு இப்பத்தான் புரிஞ்சுது.

இன்னிக்கு என்ன கெழமைங்க? ஆமா, அதேதான்.

நானா? உள்ள போகலீங்க. வண்டியில ஏறி, சத்தமில்லாம பின்னால எடுத்து, பாலம் வரைக்கும் திரும்பிப் போனேன். பாலத்து மேல நின்னு ஹாரனை அமுக்குனேன் பாருங்க, நீளமா, ஒரு நிமிஷம். போறவன் வர்றவனெல்லாம் திட்டறான். அப்புறம் பொறுமையா ஊட்டுக்குப் போனேன். கேட்டு தொறந்து கெடந்துது. டிவி ஆஃப். காப்பி ஆவி பறக்குது. 'ஏனுங்க, சத்தமே வேற மாதிரி இருக்குது'ன்னா வசந்தாமணி. 'சைலன்சர் மாத்தியிருக்கேன்'னேன். ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. 'இனிப் பாலத்துல ஹாரன் அடிச்சுட்டுத்தான் வருவேன், அங்க ஆடு மாடு குறுக்க வருது'ன்னேன். அன்னிக்கிருந்து பத்து நாளா அடிக்கறேன். எதுக்கு அடிச்சேன்னு கேக்காதீங்க, எனக்கே தெரியாது.

மணி என்னங்க? ரெண்டு அம்பது. அந்தா, பாய் வந்துட்டாரு.

வாங்க பாய். தேயிலை நல்லா வெளைஞ்சிருக்குதா? என்னைய விடுங்க, மொதல்ல இவரு வண்டியைப் பாருங்க. பாவம், எத்தனை நேரமா உக்காந்திருக்கறாரு. நம்முளுதுக்கு என்ன அவசரம். எந்த டப்பான்னா, ரோசனை பண்ணிட்டிருக்கேன் பாய்.

அட, எனக்கெதுக்குங்க நன்றி. உக்காருங்க, அவரு வெல்டு வெக்கட்டும். என்ற திட்டத்தைச் சொல்லட்டுங்களா? பத்து நாளாப் போட்ட திட்டம். மத்தியானம் வெள்ளைச் சட்டை போட்டு, திருப்பூருக்குப் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். தர்ஷினி வாசல் வரைக்கும் வந்தா. என்னிக்கும் வராதவ. 'பாத்துப் போங்கப்பா'ன்னா. சரின்னேன். நேரா இங்க வந்து சைலன்சரைக் கழட்டச் சொன்னேன். நல்லாத் தொடைச்சு, எங்கயும் ஒரு கசிவு இல்லாம, இந்தத் தட்டை டப்பாவையே திரும்ப மாட்டிட்டு, மூணே காலுக்கு ஊட்டு வாசல்ல போயி நிக்கோணும். ஹாரன் கெடையாது. பெட்டி வெளிய வர்றப்ப நான் கேட்டுகிட்ட நிக்கறேன். கையும் களவுமா. லோகநாதன் மூஞ்சி எப்படிப் போகும்னு நெனைச்சு நெனைச்சு பத்து நாளாச் சிரிச்சேன். மாட்டறதுக்கு முக்கா மணி நேரம் ஆகும்னு பாய் சொன்னாரு. ரெண்டு மணிக்கு ஆரம்பிச்சிருந்தா சரியா இருந்திருக்கும்.

பாய் சாயா குடிக்கப் போனதாலதான் நேரமாயிப் போச்சு. ஆமாங்க, நாந்தான் போயிட்டு வாங்க பாய்னு அனுப்புனேன். அதுக்கென்ன இப்ப.

முடிஞ்சுதுங்களா பாய்? இவருதா? பாருங்க, அரை மணி நேரத்துல முடிச்சுட்டாரு, கை அந்த மாதிரி. நம்முளுதா? இருங்க பாய். அந்த பெண்டுல துரு இருக்கறாப்பல இருக்குது, அதைக் கொஞ்சம் தேச்சு விட்டுருங்க. பாலீஸ் போட்டுத் தேய்ங்க. நல்லாத் தேய்ங்க.

நீங்க கெளம்பறீங்களா? சித்த உக்காருங்க. உங்களுக்கு ஒரு சாயா சொல்றேன். குடிச்சுட்டுப் போலாம்.

என்னது? உங்க வண்டியிலயா?

இல்லீங்க. மூணே முக்கால்தான் ஆச்சு, இங்கிருந்து ஸ்டேஷன் கிட்டத்துலதான், அஞ்சு நிமிஷத்துல கொண்டு போயி விட்டுருவீங்க, எல்லாஞ் சரி. யாருங்க உங்களைக் கேட்டா? நான் கேட்டனா? கதையைக் கேட்டா கேட்டுட்டுப் போகோணும், வண்டியெல்லாம் எடுக்கப் படாது. உக்காருங்க. ஏனுங்க நிக்கறீங்க, உக்காருங்க.

கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கு அவளைத் தெரியாது. நான் அங்க போயி பிளாட்பாரத்துல நின்னேன்னு வெச்சுக்குங்க, ஒரு வார்த்தை பேச வேண்டாம், சும்மா நின்னாப் போதும், அவ பெட்டியை எடுத்துட்டு எறங்கிருவா. சத்தியமா எறங்கிருவாளுங்க. 'சரிங்ப்பா'ன்னு சொல்லி, பின்னாலயே நடந்து வந்து, வண்டியில ஏறிக்குவா. தை மாசம் அந்த பனியன்காரர் பையன் பக்கத்துல உக்காரச் சொன்னா உக்காந்துக்குவா. நான் வளத்த வளர்ப்பு அப்படி. அந்த வளர்ப்பைப் பத்திப் பத்து நாளைக்கு முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா மார் தட்டிச் சொல்லியிருப்பேன். இப்ப அந்த வளர்ப்புதான் பயமா இருக்குது. எம்பொண்ணு எங்கிட்டச் சொல்லாம ஓடறதுக்குப் பெட்டி அடுக்கறா, அவ ஆத்தா சிரிச்சுட்டே துணி மடிச்சுக் குடுக்கறா, அந்த ஊட்டுக்கு நான் என்னங்க? சொல்லுங்க பாப்போம். வலிக்குதுங்க. வலிக்குதுதான், இல்லைன்னு சொல்லல.

அதான் சைலன்சரைக் கழட்டிப் போட்டுட்டு உக்காந்திருக்கேன். வண்டி ஓடற மாதிரி இருந்தா நான் போயிருவேன். என்னைய எனக்குத் தெரியும்.

சாயா ஆறுது, குடிங்க. சக்கரை பத்துதுங்களா?

மணி என்ன? நாலு அடிச்சு அஞ்சு நிமிஷமா? உங்க வாட்ச்சு சரியான வாட்ச்சுதானுங்களே? அப்ப எடுத்திருப்பான். இந்த வண்டி எப்பவுமே நேரத்துக்கு எடுத்துருவான், ஒரு நாளைக்காவது லேட்டாக் கெளம்பறானா பாருங்க. போகட்டும். என்ன இப்ப, மெட்ராஸ்தானே. போனவளுக்கு என்ன தெரியும், ரெண்டு நாள்ல அந்த வெயிலைப் பாத்துட்டுத் திரும்பி வந்துருவா. வர மாட்டா. வர்ற ஆளா அவ.

இருங்க, போனு அடிக்குது. வசந்தாமணிதான்.

அல்லோ. ஆமா, திருப்பூர்லதான். மாப்பிள்ளை ஊட்டுலதான் உக்காந்திருக்கேன். குடுத்தாங்க, காப்பி, குடிச்சுட்டிருக்கேன். நீ எங்க இருக்கற? ஊட்டுலயா. சரி. என்ன பின்னால ஒரே எரைச்சலா இருக்குது? டிவியா. சத்தத்தைக் கொறைச்சு வெச்சுக்கக் கூடாது? ஏன் ஒரு மாதிரி பேசற, சளி புடிச்சிருக்குதா? சரி. சரி. நான் வர நேரமாகும், நீ ஒன்னும் அவசரப்பட வேண்டாம். வெச்சறட்டா? வசந்தாமணி. இல்ல, ஒன்னுமில்ல. ஒன்னே ஒன்னு.

அம்மணிக்கு ஜன்னலோரமா சீட்டு கெடைச்சுதா?

...

அல்லோ.

வெக்கலீங்க, லைன்ல இருக்கறா. அழுகறா. நான் ஒன்னும் வையலியே, ஏன் அழுகறான்னு தெரியல. இந்தாங்க, இதைப் புடிங்க, எனக்குப் பேச வர மாட்டேங்குது. நீங்க சொல்லுங்க. உங்களை அவளுக்குத் தெரியாட்டிப் பரவால்ல, சொல்லுங்க. உங்க ஊட்டுக்காரரு திருப்பூருக்குப் போகல, மத்தியானத்திலிருந்து இங்க சைலன்சர் கடையிலதான் உக்காந்திருக்கறாரு, பொண்ணு போற வரைக்கும் எந்திரிக்கவே இல்லைன்னு சொல்லுங்க.